கேம்பர் வேனுக்கு ரீகால் வந்தால் என்ன செய்வது? செட்டிநாட்டு வண்டி உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரீகால் என்றால் என்ன? வழக்கமான சர்வீஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஓடி ஓடித் தேய்ந்ததை மாற்றுவது சர்வீஸ். அதற்கு நாம் பணம் கட்டுகிறோம். பிறக்கும்போதே ஒரு பாகத்தில் குறை இருந்து, அது உயிருக்கு ஆபத்தாகலாம் என்று தெரிந்தபின், அந்தப் பாகம் பொருத்திய வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்வது ரீகால். பாகத்துக்கும் கூலிக்கும் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில், உள்ளேயே படுத்துச் சமைக்கிற மாதிரி சின்ன கேம்பர் வேன் கட்ட அதிகம் எடுக்கப்படும் வண்டி மாருதி ஈகோ. அதற்கே இரண்டு உதாரணம் உண்டு. 2020 நவம்பரில் 40,453 ஈகோ வண்டிகள் அழைக்கப்பட்டன. ஹெட்லைட்டில் இருக்க வேண்டிய தரக் குறியீடு விடுபட்டிருக்கலாம் என்பது காரணம். 2023 ஜூலையில் எஸ்-பிரஸ்ஸோ, ஈகோ இரண்டும் சேர்த்து 87,599 வண்டிகள் அழைக்கப்பட்டன. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை அவை. ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் உள்ள ஒரு பாகம் அரிதாக உடையலாம், உடைந்தால் வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. முதலாவதை அடுத்த சர்வீஸோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, தகவல் வந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை. அதனால் ரீகால் என்ற சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எந்தப் பாகம், உடைந்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் முதலில் படியுங்கள்.

காருக்கும் இதேதானே? கேம்பர் வேனுக்கு என்று தனியாக என்ன இருக்கிறது?

காரை ஒரே கம்பெனி முழுசாகச் செய்து தருகிறது. கேம்பர் வேனோ மூன்று கை பட்டு உருவாவது. என்ஜின், பிரேக், ஸ்டியரிங் உள்ள அடி வண்டி ஒரு கம்பெனியுடையது. கட்டில், அலமாரி, தண்ணீர் டேங்க், வயரிங் எல்லாம் பாடி கட்டிய பட்டறையுடையது. பிரிட்ஜ், கேஸ் அடுப்பு, லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் வேறுவேறு கம்பெனியின் பொருள். குறை மூன்றில் எங்கும் இருக்கலாம். ஆனால் ஒருவர் கொடுக்கும் எச்சரிக்கை மற்றவர் வழியாக உங்களுக்கு வராது.

அடி வண்டியில் வந்த குறைக்கு அமெரிக்காவில் ஓடும் போர்டு டிரான்சிட் ஒரு உதாரணம். அங்கே கேம்பர் கட்ட நிறையப் பேர் எடுக்கும் வேன் அது. டிரைவ் ஷாஃப்டில் உள்ள ரப்பர் கப்ளிங் விரிசல் விட்டு, ஷாஃப்டே கழன்றுவிடலாம் என்பதால் 2015 முதல் 2017 வரையிலான மாடல்களில் சுமார் 4 லட்சம் வண்டிகள் 2017இல் அழைக்கப்பட்டன. கழன்ற ஷாஃப்ட் பக்கத்தில் போகும் பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் அடிக்கக்கூடியது. உள்ளே வைத்த பொருளில் வந்த குறைக்கு உதாரணம், 2006இல் டொமெடிக் நிறுவனம் கேஸில் ஓடும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்ஜ்களை அழைத்தது. பின்பக்கக் குழாயில் விரிசல் விழுந்து உள்ளே உள்ள கரைசல் கசிந்தால் தீப்பிடிக்கலாம். அந்த பிரிட்ஜ் இருந்த வேனின் சேசிஸ் எண்ணை வண்டிக் கம்பெனியிடம் கொடுத்துக் கேட்டிருந்தால், ரீகால் எதுவும் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். வேன் வைத்திருப்பவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

என் வண்டிக்கு ரீகால் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சேசிஸ் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சியிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். வண்டியிலேயே கதவுத் தூணில் உள்ள தகட்டிலும் சேசிஸ் இரும்பிலும் அடித்திருப்பார்கள். அதில் 17 எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். இந்தியாவில் தயாரானது என்றால் எம் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் சேசிஸ் எண்ணில் வருவதே இல்லை. ஓ மாதிரித் தெரிந்தால் அது சுழியம், ஐ மாதிரித் தெரிந்தால் அது ஒன்று. இணையத்தில் எண்ணைப் போட்டுவிட்டு 'வண்டி கிடைக்கவில்லை' என்று வந்ததும் விட்டுவிடுகிறவர்கள் பலர் இந்த ஒரு எழுத்தில்தான் தவறுகிறார்கள்.

அடுத்து வண்டிக் கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண் கொண்டு ரீகால் பார்க்கும் பக்கத்துக்குப் போங்கள். இந்தியக் கம்பெனிகளின் ரீகால் பட்டியல் சியாம் என்ற வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் தளத்தில் தொகுத்திருக்கும், அங்கிருந்தும் போகலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் கஸ்டமர் கேரை அழைத்துச் சேசிஸ் எண்ணைச் சொல்லி, "இந்த வண்டிக்கு முடிக்காத ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். எங்கே கேட்டாலும் பதிலை எஸ்எம்எஸ்ஸாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வையுங்கள்.

ஒரு தடவை பார்த்ததோடு முடியாது. வண்டி வாங்கி மூன்று வருஷம் கழித்தும் ரீகால் வரும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது ஒருமுறை, சித்திரைப் பிறப்புக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்த கணக்காகிவிடும்.

ஆர்சியில் கானாடுகாத்தான் வீட்டு விலாசம். நாங்கள் இருப்பது சென்னையில். கடிதம் வந்தால் எப்படித் தெரியும்?

தெரியாமலே போக வாய்ப்பு அதிகம். செட்டிநாட்டில் இதுதான் பெரிய ஓட்டை என்று நாங்கள் நினைக்கிறோம். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கும். கல்யாணத்துக்கும் கோயில் படைப்புக்கும்தான் திறப்பார்கள். கம்பெனி அனுப்பும் பதிவுத் தபால் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதித் திரும்பிவிடும். அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் கணக்கை முடித்துவிடுவார்கள்.

முதல் வேலையாக அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டியோடு சேர்ந்திருக்கும் கைப்பேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்று பாருங்கள். வண்டி வாங்கிய நாளில் டீலர் தன் கடை எண்ணையே போட்டிருப்பதும் உண்டு. சேசிஸ் எண், என்ஜின் எண் கொடுத்து ஓடிபி வழியாக மாற்றிக்கொள்ளலாம். குடியிருப்பே மாறிவிட்டது என்றால் படிவம் 33 கொடுத்து 30 நாளுக்குள் விலாசத்தை மாற்ற வேண்டும் என்பது சட்டம். வண்டிக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் உள்ள எண்ணும் விலாசமும் தனிப் பதிவு. அதையும் தனியாக மாற்றச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம், வண்டிக் கம்பெனி, ஆர்டிஓ, பேங்க் பெயர் போட்டு எந்தத் தபால் வந்தாலும் படம் எடுத்து அன்றே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஆர்சி இன்னும் அப்பச்சி (அப்பா) பெயரில் இருக்கிறது. அவர்கள் காலமாகிவிட்டார்கள். ரீகால் வேலை செய்து தருவார்களா?

ரீகால் வண்டிக்கு உரியது, ஆளுக்கு உரியது அன்று. சேசிஸ் எண் பட்டியலில் இருந்தால் வேலை செய்து தர வேண்டும். ஆனால் தகவல் எல்லாம் அவர்கள் பெயருக்கும் அவர்கள் கைப்பேசிக்கும்தான் போய்க்கொண்டிருக்கும். உரிமையாளர் காலமானால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். தாமதமாகியிருந்தாலும் இப்போதே தொடங்குங்கள். டிஎன் 63 வண்டிக்குச் சிவகங்கை மாவட்ட ஆர்டிஓ, டிஎன் 55 வண்டிக்குப் புதுக்கோட்டை மாவட்ட ஆர்டிஓ.

கைமாறி வாங்கிய வண்டிக்கும் இதே கதைதான். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாறாத வரை எச்சரிக்கை பழைய உரிமையாளருக்கே போகும், அவர் அதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே சேசிஸ் எண்ணை வாங்கிப் பார்த்துவிடுங்கள். முடிக்காத ரீகால் இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை, விற்கிறவரையே முடித்துத் தரச் சொல்லலாம்.

ரீகால் இருக்கிறது. வண்டியை விடும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

பாகம் வந்துவிட்டதா என்று கேட்டபிறகு வண்டியை எடுங்கள். புதிய பாகம் பெரிய ஊர் சர்வீஸ் சென்டர்களுக்கு முதலில் வரும். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஆளுக்குச் சுமார் 90 கிலோமீட்டர். பாகம் இல்லாமல் போய்த் திரும்பினால் ஒரு நாளும் டீசலும் வீண். ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்ட ரீகால் என்றால் அவ்வளவு தூரம் ஓட்டியே போகக் கூடாது, டோ வண்டி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

விடுவதற்கு முதல்நாள் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். தண்ணீர் டேங்கைக் காலி செய்யுங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, அதைச் சுமந்தபடி லிப்டில் ஏற்றுவது சரியில்லை. இன்வெர்ட்டரை அணைத்து, வீட்டு உபயோகத்துக்கான இரண்டாவது பேட்டரியின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். 'இங்கே இன்னொரு பேட்டரி உண்டு' என்று தமிழில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். மெக்கானிக் முன்பக்க பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மின்சாரமே இல்லை என்று நம்பிக் கைவைப்பார். இரண்டாவது பேட்டரி சார்ஜர் வழியாக இணைந்திருந்தால் அந்த வயரில் உயிர் இருக்கும்.

ஈகோவில் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால்தான் மெக்கானிக் கைக்கு எட்டும். பட்டறையில் அந்த இடத்தில் பேட்டரிப் பெட்டி வைத்திருந்தாலோ, திரும்பும் இருக்கைக்காக இரும்புச் சட்டம் பற்றவைத்திருந்தாலோ வழி அடைபட்டுவிடும். அப்படியானால் முதலில் பாடி கட்டியவரிடம் போய்ப் பிரித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர் தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திராமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

ஜாப் கார்டில் 'ரீகால் வேலை' என்றும் ரீகால் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினால் பிற்பாடு வேலை நடந்ததற்குச் சான்று கிடையாது. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது சுழியத் தொகை போட்ட பில்லில் மாற்றிய பாகத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்துக் கஸ்டமர் கேரை அழைத்து, அவர்கள் கணக்கில் 'முடிந்தது' என்று ஏறிவிட்டதா எனக் கேளுங்கள்.

அலமாரியைக் கழற்றி மாட்டும் கூலி யார் தலையில்?

பெரும்பாலும் உங்கள் தலையில்தான். கம்பெனி தான் கொடுத்த வண்டியைச் சரிசெய்யத்தான் கடமைப்பட்டது. நீங்கள் பின்னால் கட்டியதைப் பிரிப்பதற்கு அது பொறுப்பாகாது. இந்தச் செலவைத் தவிர்க்க வழி, கட்டும்போதே யோசிப்பது. எரிபொருள் பம்ப் மூடி, ஜாக்கி வைக்கும் இடங்கள், ஃபியூஸ் பெட்டி, சேசிஸ் எண் அடித்த இடம் இவற்றுக்கு மேல் வரும் பலகையை ஆணியோ பசையோ போடாமல் போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் எட்டும் என்று இருக்க வேண்டும். இப்படிக் கட்டச் சொல்லி அடம்பிடிப்பதில் தவறே இல்லை.

ரீகால் வந்த வண்டியை வேலை முடியும் வரை ஓட்டலாமா?

அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. ஓட்ட வேண்டாம் என்று இருந்தால் பிள்ளையார்பட்டி வரைக்கும் என்றுகூட எடுக்கக் கூடாது. வெளியில் நிறுத்தவும் என்று சொல்வது நின்றபடியே தீப்பிடிக்கக்கூடிய குறைக்குத்தான். இந்த ஊர் வீடுகளுக்கு அது ரொம்ப முக்கியம். தூணும் உத்திரமும் கதவும் பர்மாத் தேக்கு. வீட்டை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் வேன் எரிந்தால் வீட்டுக்கும் போகும். தெருவைத் தாண்டிய பொட்டலில், சருகு இல்லாத மண்தரையில், எந்தச் சுவரிலிருந்தும் நன்றாக விலக்கி நிறுத்துங்கள். மின் இணைப்புக் கேபிளைச் செருகி வைக்காதீர்கள்.

டை ராடுக்கு வீட்டிலேயே ஒரு பரிசோதனை உண்டு. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் வரும் இடங்களில் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் தேய்மானம். ஆனால் ஆட்டம் இல்லை என்பதால் ரீகால் வேலையை விட்டுவிடாதீர்கள். தயாரிப்புக் குறை உள்ள ராடு ஆட்டமே காட்டாமல் ஒரு குழியில் இறங்கும்போது பட்டென்று ஒடியும்.

உள்ளே இருக்கும் கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், பேட்டரி இவற்றுக்கு யார் சொல்வார்கள்?

யாரும் தேடிவந்து சொல்ல மாட்டார்கள். இவை வாகனப் பதிவில் ஏறாத பொருள்கள். ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. ஆனால் எந்தப் பொருள் உங்கள் வேனில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வாங்கியதும் கம்பெனித் தளத்தில் வாரன்டிக்காகப் பதிவு செய்வது இங்கேதான் கைகொடுக்கும். பொருத்துவதற்கு முன்பு ஒவ்வொன்றின் மாடல், சீரியல் எண் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துவிடுங்கள். பிரிட்ஜின் எண் பின்பக்கத்தில் இருக்கும், அலமாரிக்குள் இறக்கிவிட்டால் பிறகு படிக்க முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை உண்மையா என்று பிஐஎஸ் கேர் செயலியில் உரிம எண் போட்டுப் பார்க்கலாம்.

கேஸில் ரீகாலுக்காகக் காத்திருக்கக் கூடாத விஷயங்கள் உண்டு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும், பெட்டியிலிருந்து படுக்கும் இடத்துக்குள் கேஸ் நுழையும்படி ஓட்டையோ சந்தோ இருக்கக் கூடாது. கம்பி வலை பதித்த ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயில் அச்சிட்ட தேதியிலிருந்து 5 வருஷம்தான் ஆயுள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. நாற்றம் அடித்தால் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவைத் திறந்து எல்லோரும் இறங்கிவிட்டு 1906ஐ அழையுங்கள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வேனில் ஏற்றுவதைவிடக் கடையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் நல்லது.

லித்தியம் பேட்டரி பலவற்றை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்று தயாரித்தவர்களே எழுதியிருப்பார்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிற்கும் வேனுக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். கூரையில் சோலார், உள்ளே மூடிய பெட்டியில் பேட்டரி என்று இருந்தால் அந்த நேரத்தில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பாடி கட்டிய பட்டறை செய்த தவறுக்கு ரீகால் உண்டா?

தன் பெயரில் சான்றிதழ் வாங்கி வரிசையாகத் தயாரிக்கும் நிறுவனம் என்றால் உண்டு. இப்படிப்பட்ட வேனுக்கு, அதாவது மோட்டார் கேரவனுக்கு, ஏஐஎஸ் 124 என்று தனித் தரம் இருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். கரூரிலோ உள்ளூரிலோ ஒரு பட்டறையில் ஒற்றை வண்டியாகக் கட்டியது என்றால், உங்களை அழைத்துச் சொல்ல யாரும் இல்லை. கட்டியவரே அடுத்த வண்டியில் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தாலும் உங்களுக்குத் தகவல் வராது. அதனால் நீங்களே பார்க்க வேண்டும்.

முதலில் வயரிங். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிகப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டால் அந்த இரண்டு மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 20 ஆம்பியருக்கு மேல் ஃபியூஸ் வேண்டாம். 1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கும், அதற்கு வீட்டு வயரைப் போட்டிருந்தால் தொட்டாலே சுடும். தகட்டில் துளையிட்டு வயரை விட்ட இடங்களில் விரலை வைத்துப் பாருங்கள். ரப்பர் வளையம் இல்லாமல் தகட்டின் விளிம்பு நேரே வயரின் மேல் உட்கார்ந்திருந்தால், நம் கிராவல் சாலை அதிர்வில் சில மாதத்தில் உறை அறுந்து தீப்பொறி விடும். வேனில் தீப்பிடிக்க நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டாவது எடை. டேங்க் நிரப்பி, சாமான் ஏற்றி, ஆட்களோடு எடைமேடைக்குப் போங்கள். முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, பிறகு பின் சக்கரம் மட்டும் என்று மூன்று சீட்டு வாங்குங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையையும் தகட்டில் உள்ள அச்சு எடையையும் ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறுவது சகஜம், டேங்கும் பேட்டரியும் பின்னால் இருப்பதுதான் காரணம். டயர் வெடித்தபின் அதைத் தயாரிப்புக் குறை என்று வாதாட அப்போது வழியில்லை. டயரின் வயதையும் பாருங்கள், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது.

மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏறாத மாற்றத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் நியாயம் கேட்பது கடினம்.

என் வண்டியில் குறை தெளிவாகத் தெரிகிறது, கம்பெனி ரீகால் அறிவிக்கவில்லை. என்ன செய்யலாம்?

புகார் பதியுங்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன்னால் 2012 முதல் கம்பெனிகள் தாமாகச் செய்யும் ரீகால் மட்டும்தான் இருந்தது. இப்போது வாகன் தளத்தில் ரீகால் புகாருக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. தயாராகி 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு அதில் எழுதலாம். ஒரே மாடலுக்கு விதியில் சொன்ன எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் சோதனை அமைப்பு விசாரிக்கும். அப்படிப்பட்ட அமைப்பு சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே உண்டு. குறை உறுதியானால் அரசு கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடும். கம்பெனி வண்டியைப் பழுது நீக்கித் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். அபராதம் 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி வரை போகும்.

எண்ணிக்கை சேர்ந்தால்தான் நகரும் என்பதால் உங்கள் ஒரு புகார் வீண் என்று நினைக்காதீர்கள். தெளிவாக எழுதுங்கள். 'பிரேக் சரியில்லை' என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதலாம்: '31,400 கிலோமீட்டரில், திருமயம் தாண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் பெடல் தரை வரை இறங்கியது. வண்டி நின்றபின் மூன்று தடவை அமுக்கியதும் பழைய நிலைக்கு வந்தது. பிரேக் ஆயில் அளவு குறையவில்லை. இரண்டாவது முறையாக நடக்கிறது. ஜாப் கார்டு இணைப்பு.' வேகம், தூரம், எத்தனாவது முறை, திரவ அளவு, சான்று எல்லாம் இதில் வந்துவிட்டன. விசாரிப்பவருக்கு வேண்டியது இதுதான். பட்டறை கட்டிய பகுதியில் உள்ள குறையை இதில் கலக்காதீர்கள், புகார் அங்கேயே தள்ளுபடியாகிவிடும்.

சர்வீஸ் சென்டர் பணம் கேட்கிறது, அல்லது மாதக்கணக்கில் இழுக்கிறது. எங்கே போவது?

முதலில் கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். சேசிஸ் எண், ரீகால் எண், நீங்கள் போன தேதிகள் அதில் இருக்கட்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சில விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். தேவகோட்டைக்காரர் என்றால் சிவகங்கையில், திருமயத்துக்காரர் என்றால் புதுக்கோட்டையில். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1000. காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

பழைய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்தி, வேனையும் வாடகைக்கு விடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக ஓட்டுகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வாடகை வண்டிக்கு ரீகால் நிலுவையில் இருக்கும்போது விருந்தினரை ஏற்றுவது சட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே தவறு.

ரீகால் வருவதற்கு முன்னாலேயே என் செலவில் அந்தப் பாகத்தை மாற்றிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பில்லும் பழைய பாகமும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் கம்பெனியின் முடிவு. பணம் கிடைக்காவிட்டாலும் வண்டியைக் கண்டிப்பாகக் காட்டுங்கள். நீங்கள் மாற்றியதும் அதே குறையுள்ள தொகுதியில் வந்த பாகமாக இருக்கலாம்.

வண்டிக்கு 10 வயதாகிவிட்டது. இனிமேல் எதற்கு ரீகால் பார்க்க வேண்டும்?

7 வருஷம் என்பது கட்டாய ரீகால் விதியின் எல்லை. கம்பெனிகள் தாமாக அதைவிடப் பழைய வண்டிகளையும் அழைத்திருக்கின்றன. டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக் அதற்குச் சரியான உதாரணம். உலகம் முழுதும் பல கம்பெனி வண்டிகளில் கோடிக்கணக்கில் பொருத்தப்பட்டவை அவை. ஏர்பேக்கை விரிக்கும் அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போகிறது. விபத்தில் அளவுக்கு மீறி வெடித்து உலோக உறையே சிதறி ஓட்டுபவர் மேல் பாய்கிறது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும் குறை இது. கோடையில் கொளுத்தி, ஐப்பசி கார்த்திகையில் நனையும் ஊரில் நிற்கும் வண்டிக்கு இந்தப் பரிசோதனை கூடுதலாகவே வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் தற்காலிகமாகக் கொண்டுவந்த வேன் இங்கே நிற்கிறது. அதற்கு?

இந்தியத் தளங்களில் அது தெரியாது. பதிவான நாட்டின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க வண்டி என்றால் அங்குள்ள சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் 17 இலக்க எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே முதல் விற்பனையிலிருந்து 15 வருஷம் வரை ரீகால் வேலை இலவசம், ஆனால் அந்த நாட்டு டீலரிடம்தான். ஓட்ட வேண்டாம் என்ற வகை ரீகால் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பாகத்தை வரவழைக்கும் வழியைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

ரீகாலைச் செய்யாமல் விட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க உரிமையாளர் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை மோட்டார் பாலிசியில் உண்டு. தகவல் வந்தும் ரீகாலைச் செய்யாமல் விட்டு, அதே பாகத்தால் விபத்தானால், இன்சூரன்ஸ் சர்வேயர் அதைக் கேட்பார். கேம்பராக மாற்றியதையும் எழுத்தில் தெரிவித்து, பொருத்திய பொருள்களின் மதிப்பைப் பாலிசியில் சேர்த்திருக்க வேண்டும்.

எந்தெந்தக் காகிதத்தை வண்டியிலேயே வைத்திருப்பது?

ஆர்சி நகல், சேசிஸ் எண்ணின் பென்சில் தடம், பாடி கட்டியவரின் பில், வயர் எங்கே எந்த ஃபியூஸுக்குப் போகிறது என்று கையால் வரைந்த படம், எல்லாப் பொருளின் சீரியல் எண் படங்கள், எடைமேடைச் சீட்டு, முடிந்த ரீகால் ஒவ்வொன்றின் சுழிய பில். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டுநர் கதவுப் பையில் வையுங்கள். இன்னொரு செட் ஊர் வீட்டில், மூன்றாவது கைப்பேசியில். வண்டியை விற்கும் நாளில் அந்த உறையையும் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள், அடுத்து ஓட்டப்போகிறவர் எந்த மூன்று இடத்தில் கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.